செலவு செய்து குறி தவறுவது எப்படி?

வாழ்த்துகள். சிங்கப்பூரின் பாசிர் ரிஸ்ஸில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு. பிள்ளைகள் வளர்ந்தாயிற்று. முழங்கால் லேசாக முனகத் தொடங்கிவிட்டது, ஓட்டமெல்லாம் இனி ஆகாது. ஆகவே உட்கார்ந்துகொண்டே ஆடக்கூடிய ஆட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்: குறிபார்த்துச் சுடுதல். கிளப்பில் சேர்ந்தாயிற்று, பாயின்ட் டூ டூ ரைபிள் ஒன்றும் அமைந்துவிட்டது. எதிரே ஐம்பது மீட்டரில் ஓர் அட்டை, அதன் நடுவில் பத்துப் புள்ளி வட்டம். விட்டம் 10.4 மில்லிமீட்டர், உங்கள் சுண்டுவிரல் நகம் அளவு. தோட்டாவின் தடிமன் 5.6 மில்லிமீட்டர்.

இந்தக் கட்டத்தில் சிலர் பயிற்சி செய்வார்கள். நீங்கள் சாமான் வாங்கப் போகிறீர்கள். அதற்குத்தான் நான் இருக்கிறேன். பதினொரு வருட அனுபவம் எனக்கு. இத்தனை வருடத்தில் என் மதிப்பெண் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. அப்படிப்பட்ட உறுதி எத்தனை பேருக்கு வாய்க்கும்? நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவற்றைத்தான் கீழே வரிசைப்படுத்தியிருக்கிறேன். கொஞ்சம் மெருகு, அவ்வளவுதான்.

1. துப்பாக்கி கையில் இல்லாதபோது முடிவெடுங்கள்.

இதற்குச் சிங்கப்பூரைப் போல வசதியான ஊர் உலகில் கிடையாது. உங்கள் ரைபிள் உங்கள் வீட்டில் இல்லை. கிளப்பின் ஆயுதக் கிடங்கில் பூட்டி வைத்திருக்கிறார்கள், தோட்டாவும் அங்கேதான். உரிமமில்லாமல் ஒரே ஒரு தோட்டாவை வைத்திருந்தாலும் ஐந்து முதல் பத்து வருடச் சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டம் அது. ஆளுக்குக் காயம் உண்டாக்கும் எண்ணத்தில் சுட்டால், அடிபட்டாலும் படாவிட்டாலும், தூக்கு. ஆகவே துப்பாக்கியின் மேல் பொருத்தும் குறிக் கண்ணாடியான ஸ்கோப் எப்படி உட்காரும், தோட்டா எப்படிப் போகும் என்று வீட்டில் வைத்துப் பார்க்க வழியே இல்லை. வாரத்தில் ஆறு நாள் உங்களிடம் இருப்பது கைப்பேசியும் கற்பனையும்தான். இரண்டையும் முழுமையாகப் பயன்படுத்துங்கள்.

ஏழாவது நாள் பயணம். நாம் கிழக்கு மேற்கு ரயில்பாதையின் முதல் நிலையத்தில் இருக்கிறோம். தேசியத் துப்பாக்கிச் சுடும் மையமோ தீவின் அந்தக் கோடியில், பழைய சுவா சூ காங் சாலையில். ரயிலில் மட்டுமே ஒரு மணி நேரத்துக்கு மேல். அந்த நேரத்தை மூச்சுப் பயிற்சியில் வீணாக்காதீர்கள். விமர்சனக் காணொளிகள் பாருங்கள். தெம்பனிஸில் ஒரு ஸ்கோப்பை முடிவு செய்யுங்கள். பாய லேபார் வருவதற்குள் அதைக் குப்பை என்று ஒருவர் நிரூபித்துவிடுவார். புகிஸில் வேறொன்று. ஜூரோங் ஈஸ்ட்டில் பாதிப் பேர் இறங்கியதும் காலை நீட்ட இடம் கிடைக்கும், அப்போது இன்னும் இருமடங்கு விலையில் ஒன்றைக் கண்டுபிடிப்பீர்கள். பூன் லேயில் இறங்கும்போது பழைய ஸ்கோப்பின் மேல் உங்களுக்கு ஒரு வெறுப்பு முற்றியிருக்கும். அந்த வெறுப்போடு போய்ச் சுடுங்கள்.

2. தேசிய சேவையில் கற்றதை மறந்துவிடுங்கள்.

இது முக்கியம். ஏனென்றால் தேசிய சேவையில் உங்களிடம் கொடுத்த சார் 21 துப்பாக்கியில் பொருத்தி வந்த கண்ணாடி வெறும் 1.5 மடங்குதான் பெரிதாக்கும். நம் ஊரிலேயே செய்து 1999இல் படைக்கு வந்த துப்பாக்கி. அந்த ஒன்றரை மடங்குக் கண்ணாடியை வைத்துக்கொண்டு, தெக்கோங் தீவின் வெயிலில், பாதித் தூக்கத்தில், 300 மீட்டரில் எழும்பிய ஆளுருவ அட்டையை நீங்கள் சாய்த்திருக்கிறீர்கள். உங்களுக்கும் முந்திய தலைமுறை எம்16இல் வெறும் இரும்புக் குறியோடு சாய்த்தது. இந்த நினைவு அடிக்கடி வந்தால் ஸ்கோப் வாங்கும் கை நடுங்கும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாசிர் ரிஸ் பஸ் நிலையத்துப் பக்கம் போகாதீர்கள். மொட்டைத் தலையும் பச்சைப் பையுமாகப் பையன்கள் தெக்கோங்குக்குத் திரும்ப நிற்பார்கள். வொயிட் சேண்ட்ஸ் கடைத்தொகுதியில் கடைசிக் கோழிச்சோற்றை முடித்துக்கொண்டு, அம்மா கொடுத்த பிஸ்கட் பையைக் கூச்சத்தோடு மறைத்துக்கொண்டு. அவர்களில் ஒருவனிடம் போய், "தம்பி, ரேஞ்சில் எப்படி?" என்று கேட்டால், "மூச்சை விட்டுட்டு மெதுவா இழுக்கச் சொன்னாங்க அங்கிள், பட்டுச்சு" என்பான். இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டால் நம் தொழில் என்ன ஆவது? அவனே குறி தவறுகிற 'போபோ'வாக இருந்தால் மட்டும் பேசுங்கள். அவன்தான் துப்பாக்கி சரியில்லை என்பான்.

3. கிடைப்பதிலேயே பெரிய எண்ணை வாங்குங்கள்.

ஸ்கோப்பின் மேல் இரண்டு எண் இருக்கும். முதலாவது பெருக்கம், இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம். பத்து மடங்கு போதாது. இருபத்து நான்கு என்பது பக்கத்துத் தடத்துக்காரர் வைத்திருப்பது, ஆகவே போதாது. ஐம்பது வாங்குங்கள். ஜப்பான்காரர்கள் எண்பது மடங்கு வரை போகும் ஒன்றைச் செய்கிறார்கள். கணவன் மனைவிக்கிடையே கூட்டுக் கணக்கு இல்லாதவர்கள் அதையும் பார்க்கலாம்.

முன்கண்ணாடியின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் வருவது, உங்கள் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு. ஐம்பது மில்லிமீட்டர் கண்ணாடியில் பத்து மடங்கு வைத்தால் ஐந்து மில்லிமீட்டர். தலையைக் கொஞ்சம் அப்படி இப்படி வைத்தாலும் படம் தெரியும், வயசான கண்ணுக்கு நிம்மதி. ஐம்பது மடங்கு வைத்தால் ஒரே ஒரு மில்லிமீட்டர். குண்டூசித் தலைக்குள் கண்ணை நுழைக்கிற மாதிரி. மயிரிழை நகர்ந்தாலும் இருட்டு. இந்தக் கணக்கைப் போடாதீர்கள். போட்டால் பணம் மிச்சமாகிவிடும்.

பெரிய பெருக்கத்தில் வேறு நன்மைகளும் உண்டு. உங்கள் நாடித் துடிப்பு முழுவதும் குறுக்குக் கம்பியில் தெரியும். கோப்பிக் கடையில் குடித்த இரண்டாவது கோப்பியும் தெரியும். நம் மதிய வெயிலில் மண்ணிலிருந்து கிளம்பும் கானல் அலையும் ஐம்பது மடங்காகும்; அட்டை தண்ணீருக்கடியில் கிடக்கும் தோசை மாதிரி நெளியும். பெருக்கத்தைப் பதினைந்துக்குக் குறைத்தால் நெளிவு அடங்கும். குறைக்காதீர்கள், ஐம்பதுக்குத்தானே காசு கொடுத்தோம்.

துரோணர் கேட்டபோது அர்ச்சுனனுக்குக் கிளையும் இலையும் தெரியவில்லை, பறவையின் கண் மட்டும் தெரிந்தது. உங்களுக்கு ஐம்பது மடங்கில் பறவையின் கண்ணும் தெரியாது. மரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே பிடிபடாது. அவ்வளவு குறுகலான காட்சி. ஒருநாள் நான் அப்படித்தான் தேடித் தேடி ஓர் அட்டையைப் பிடித்தேன். வாழ்நாளில் அப்படிச் சுட்டதில்லை. ஐந்து தோட்டா, ஐந்தும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு. எழுந்து நின்று சுற்றிலும் பார்த்தேன், யாராவது கவனித்தார்களா என்று. பக்கத்துத் தடத்து அம்மா தன் அட்டையை முகத்துக்கு நேரே பிடித்து எண்ணிக்கொண்டிருந்தார்.

"தம்பி, நான் பத்துதானே சுட்டேன்? இதுல பதினஞ்சு இருக்கே."

நான் கானல் அலையைப் பற்றி விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என் அட்டையைக் காட்டினார். ஒரு கீறல் இல்லாமல் புத்தம்புதிதாக இருந்தது.

4. பக்கவாட்டுத் திருகைத் தொடவே தொடாதீர்கள்.

அதன் பெயர் பேரலாக்ஸ். தலையை லேசாக ஆட்டிப் பாருங்கள். குறுக்குக் கம்பி அட்டையின் மேல் நீந்தினால், கண்ணை வைக்கும் இடம் மாறும்போதெல்லாம் தோட்டா போகும் இடமும் மாறும் என்று பொருள். திருகைத் திருப்பிக் கம்பி அசையாமல் நிற்கும்வரை சரிசெய்யலாம். அரை நிமிட வேலை. ஆனால் திருகில் 50 என்று எழுதியிருக்கிறதே, ஐம்பதில் வைத்துவிட்டால் ஆயிற்று என்று நம்புங்கள். அது மீட்டரா கஜமா என்று கேட்காதீர்கள்.

இன்னும் நல்லது, திருகே இல்லாத ஸ்கோப்பை வாங்குவது. பெரிய வேட்டைத் துப்பாக்கிக்கான ஸ்கோப்புகளைப் பெரும்பாலும் நூறு கஜத்துக்கு ஏற்றபடி நிரந்தரமாக அமைத்து அனுப்புகிறார்கள். பாயின்ட் டூ டூவுக்கானவை ஐம்பது கஜத்தை ஒட்டி வரும். நீங்கள் முதல் வகையை வாங்குங்கள். பெட்டியின் மேல் மான் படம் இருந்தால் சரியான பொருள்.

5. திருகாணியை முழு பலத்தோடு இறுக்குங்கள்.

ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையங்களின் திருகாணிக்கு இத்தனை இறுக்கம்தான் என்று ஓர் அளவு உண்டு. அதை அளந்து இறுக்கும் சாவியும் உண்டு. ஸ்கோப்பின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை, ஆகவே வாங்க வேண்டாம். கிளப்பில் எல்லாரும் பார்க்க, பல்லைக் கடித்துக்கொண்டு, தேங்காய் திருகுகிற வேகத்தில் இறுக்குங்கள். குழாய் மெல்லிய அலுமினியம். வளையத்தின் விளிம்பு அதில் பிறை மாதிரி ஒரு தடம் பதிக்கும். என் முதல் ஸ்கோப்பில் இடது பக்கம், பின் வளையத்தை ஒட்டினாற்போல் அப்படி ஒரு பிறை, அதன் வாலில் சாவி வழுக்கியதால் குறுக்கே ஒரு கோடு. பார்த்தால் தமிழ் 'டி' மாதிரி இருக்கும். அந்தப் பிறைக்குப் பிறகு உள்ளே கண்ணாடிகள் சரியாக நகரவில்லை. குறியை நகர்த்தும் திருகில் மேலே நான்கு கிளிக் வைத்தால் சிலசமயம் நான்கு, சிலசமயம் ஒன்று, சிலசமயம் அடுத்த வாரம்.

6. ஒவ்வொரு தோட்டாவுக்கும் பிறகு கிளிக் வையுங்கள்.

ஐம்பது மீட்டரில் கால் கோணநிமிடக் கிளிக் ஒன்றுக்குத் தோட்டா 3.6 மில்லிமீட்டர் நகரும். முதல் தோட்டா வலது பக்கம் பட்டதா? உடனே இடது பக்கம் மூன்று கிளிக். அடுத்தது இடது பக்கம் போய்விட்டதா? வலது பக்கம் நான்கு. ஐந்து தோட்டாவைத் தொடாமல் சுட்டு, அவற்றின் நடுவைக் கண்டு, ஒரே முறை திருத்துவது என்று ஒரு பழக்கம் இருக்கிறது. படையில் சார்ஜெண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அதில் பரபரப்பே இல்லை. நீங்கள் தோட்டாவைத் துரத்துங்கள். பூனை தன் வாலைத் துரத்துவதை யாரும் தோல்வி என்று சொல்வதில்லை.

7. வெளிநாட்டிலிருந்து எதை வரவழைத்தாலும் யாரையும் கேட்காதீர்கள்.

துப்பாக்கி சம்பந்தப்பட்ட எதற்கும் முதலில் போலீஸின் உரிமப் பிரிவைக் கேட்டுவிட வேண்டும் என்று கிளப்பில் சொல்வார்கள். கேட்டால் பதில் கிடைத்துவிடும். கேட்காமல் நள்ளிரவில், தள்ளுபடி முடிய ஏழு நிமிடம் இருக்கும்போது, அழுத்துங்கள். பார்சலுக்குப் பதில் கடிதம் வரும். வீட்டில் யார் முதலில் பிரிக்கிறார்கள் என்பதுதான் மீதிக் கதை.

8. இப்போது தோட்டா. முதலில் பெருமிதம் கொள்ளுங்கள்.

நம் நாடு தோட்டா விஷயத்தில் யாருக்கும் குறைந்ததல்ல. விடுதலை பெற்று இரண்டே வருடத்தில், 1967இல், சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கியதே படைக்குத் தோட்டா செய்யத்தான். அடுத்த வருடம் அதே நிறுவனத்தின் கீழ் நாணயச் சாலையும் வந்தது. இங்கே தோட்டா, அங்கே காசு. இரண்டும் பித்தளையும் செம்பும் நிக்கலும் சேர்ந்த சமாச்சாரம்தானே. நான் பதினொரு வருடமாகக் காசைத் தோட்டாவாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் எந்திரம் வைத்துச் செய்தார்கள், நான் கையாலேயே செய்கிறேன்.

ஆனால் அந்த வரலாறு உங்கள் துப்பாக்கிக்கு உதவாது. படைத் தோட்டா வேறு, பாயின்ட் டூ டூ வேறு. உங்களுக்கு வேண்டியது ஈலி, லாபுவா, ஆர்.டபிள்யூ.எஸ். என்று பெயர்கள் வரும் உலகம். ஈலி 1828இல் தொடங்கிய இங்கிலாந்துக் கம்பெனி. இந்த வருடத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கோப்பிக் கடையில் சொல்லலாம்.

9. வேகமான தோட்டாவை வாங்குங்கள்.

பெட்டியில் 'அதிவேகம்' என்று போட்டிருக்கும். கார், இணையம், ரயில் எல்லாவற்றிலும் வேகம் நல்லது. தோட்டாவிலும் அப்படித்தானே இருக்க வேண்டும்? போட்டித் தோட்டா குழலை விட்டு நொடிக்கு 330 மீட்டர் சுற்றில்தான் கிளம்புகிறது. நம் முப்பது பாகை வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்கு 349 மீட்டர். அதாவது போட்டித் தோட்டா வேண்டுமென்றே ஒலியைவிட மெதுவாகப் போகிறது. ஒலியை முந்திக்கொண்டு கிளம்பும் தோட்டா, போகிற வழியில் ஒலித்தடையை ஒட்டி மளமளவென்று வேகம் இழக்கிறது. அந்த இழப்பால் காற்று அதை அதிகம் தள்ளுகிறது. ஆமாம், வேகமானதைத்தான் காற்று அதிகம் தள்ளும். எங்கள் கிளப்பில் இதை நம்பாதவர்கள் ஐந்து பேர். நானே ஆறாவது ஆளாக இரண்டு வருடம் இருந்தேன்.

10. லாட் எண்ணைப் பார்க்காதீர்கள்.

இங்கேதான் நீங்கள் முழுமையாகக் கெட்டுப்போக வாய்ப்பிருக்கிறது. கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

பெட்டியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஓர் எண் இருக்கும். ஒரே எந்திரத்தில், ஒரே தொகுதி மருந்தும் ஈயமும் மெழுகும் போட்டு, ஒரே ஓட்டத்தில் செய்த தோட்டாக்களுக்கு அந்த எண். ஒரே கம்பெனி, ஒரே பெட்டி நிறம், ஒரே விலை. லாட் எண் மாறினால் தோட்டா மாறிவிட்டது. உங்கள் குழலுக்கு எந்த லாட் பிடிக்கும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. விலை உயர்ந்தது பிடிக்க வேண்டும் என்ற சட்டமும் இல்லை. நடுத்தர விலையில் ஒரு லாட்டைச் சப்புக்கொட்டிச் சாப்பிடும், உச்ச விலையை உமிழும். பிடிவாதக் குழந்தை மாதிரி.

ஆகவே ஒலிம்பிக் அளவில் ஆடுபவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ரைபிளைத் தூக்கிக்கொண்டு தோட்டாக் கம்பெனியின் சோதனைக் கூடத்துக்கே போகிறார்கள். அங்கே குழலை இடுக்கியில் பிடித்து வைத்து, மனிதத் தோள் படாமல், லாட் லாட்டாகச் சுட்டுப் பார்க்கிறார்கள். எது சின்னக் குழுவாக விழுகிறதோ அந்த லாட்டில் ஆயிரக்கணக்கில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். பிறகு அதைப் பற்றி யோசிப்பதே இல்லை.

நீங்கள் அப்படிச் செய்தால் வாரம் முழுக்க யோசிப்பதற்கு என்ன இருக்கும்? ஏழு பிராண்டில் ஒவ்வொரு பெட்டி வாங்குங்கள். பெட்டிக்கு ஐம்பது தோட்டா. ஒரே நாளில் ஏழையும் கலந்து சுடுங்கள். ஒவ்வொரு தோட்டாவின் மேலும் மெழுகோ கொழுப்போ பூசியிருக்கிறார்கள். பிராண்டுக்குப் பிராண்டு அது வேறு. குழலுக்குள் பழைய மெழுகு போய்ப் புதியது படிய ஒரு பத்திருபது தோட்டா பிடிக்கும். அதற்குள் நீங்கள் அடுத்த பிராண்டுக்குப் போய்விட வேண்டும். இப்படிச் செய்தால் ஏழில் ஒன்றுகூட நியாயமான வாய்ப்புப் பெறாது. ஏழும் சரியில்லை என்ற முடிவுக்கு நிம்மதியாக வரலாம்.

தப்பித் தவறி ஒன்று அருமையாக விழுந்துவிட்டது என்று வையுங்கள். பதறாதீர்கள். பெட்டியைக் குப்பையில் போடுங்கள், எண்ணைக் குறிக்காதீர்கள். அடுத்த மாதம் அதே பெயரில் அதே பச்சைப் பெட்டி வாங்குங்கள். விழாது. "முன்ன மாதிரி இப்ப செய்றதில்ல" என்று சொல்லுங்கள். அரிசிக்கும் முறுக்குக்கும் நாம் சொல்லிப் பழகிய வாக்கியம்தான்.

11. மூன்று தோட்டா சுட்டு, நல்லதைப் படம் எடுங்கள்.

பத்துத் தோட்டா சுட்டால் உண்மை தெரிந்துவிடும். மூன்று சுட்டால் அதிர்ஷ்டம் தெரியும். அப்படி மூன்று மூன்றாகப் பன்னிரண்டு முறை சுடுங்கள். அதில் ஒன்று நிச்சயம் ஒட்டி விழும். அதன் மேல் ஒரு பத்து காசு நாணயத்தை வைத்துப் படம் எடுத்து, குடும்பக் குழுவில் போடுங்கள். மற்ற பதினொன்றும் காற்று. நான் போட்டதற்கு என் மைத்துனர் பெருவிரல் தூக்கினார். என் மனைவி மட்டும் கேட்டாள்:

"ஏங்க, அந்தக் காசுக்குக் கீழே ஒண்ணு மறைஞ்சிருக்கா, இல்ல ரெண்டுதான் பட்டுச்சா?"

நாணயத்தை எங்கே வைப்பது என்பதையும் யோசித்து வையுங்கள்.

12. காற்றை வீட்டில் கவனியுங்கள், சுடுதளத்தில் மறந்துவிடுங்கள்.

எதிர் புளோக்கில் மூங்கில் கம்புகளில் துணி காயும். பாத்திக் சட்டை பத்தாவது மாடியில் இடது பக்கம் பறக்கும், அதே நேரம் நான்காவது மாடியில் பள்ளிச் சீருடை வலது பக்கம் பறக்கும். காற்று என்பது ஒரே திசையில் போகும் பஸ் இல்லை என்று இதைவிடத் தெளிவாகக் காட்டும் பள்ளிக்கூடம் இல்லை. பால்கனியில் நின்று இதை வியந்து பாருங்கள். சுடுதளத்தில் யாரோ நட்டு வைத்திருக்கும் சின்னத் துணிப் பட்டைகள் எதற்கு என்று மட்டும் கேட்காதீர்கள். அலங்காரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

13. பாசிர் ரிஸ் பூங்காவுக்குப் போய்ப் பொறாமைப்படுங்கள்.

இதற்கும் சுடுதலுக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. ஆனால் மனநிலைக்கு நல்லது. சதுப்புநிலக் காட்டோரம் ஆந்தை உட்கார்ந்திருக்கும் மரத்தடியில் படம் எடுப்பவர்களின் கூட்டம் நிற்கும். முழங்கை நீளக் கண்ணாடி, மூன்று கால், மறைப்புத் துணி. அவர்களும் நம்மைப் போலத்தான்: ஒருவர் கண்ணாடியை மற்றவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆந்தை தூங்கிக்கொண்டிருக்கும். ஒரு பாட்டி பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு, "அதோ பாரு, இலைக்குப் பின்னால, ரெண்டு இருக்கு" என்று விரல் நீட்டிக் காட்டுவார். பேரனும் பார்த்துவிடுவான். கண்ணாடிக்காரர்கள் இன்னும் தேடிக்கொண்டிருப்பார்கள். இந்தக் காட்சியிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது: எந்தக் கண்ணாடி என்ன விலை என்று அவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்வது.

14. ஸ்கோப் இல்லாதவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுங்கள்.

உலகப் போட்டி விதிப்படி ஒலிம்பிக் ரைபிள் ஆட்டத்தில் ஸ்கோப்புக்கு இடமே இல்லை. பின்னால் ஒரு சிறு துளை, முன்னால் ஒரு வளையம், அவ்வளவுதான். பத்து மீட்டர் காற்று ரைபிளில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. அதைத் துளை வழியாகப் பார்த்து, நின்றுகொண்டே அடிக்கிறார்கள். நம்மூர் ஜாஸ்மின் செர் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஐம்பது மீட்டர் மூன்று நிலை ஆட்டத்தில் தங்கம் வாங்கியது அப்படித்தான். மார்ட்டினா வெலோசோ 2018இல் கோல்ட் கோஸ்ட்டில் இரண்டு தங்கம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளில் தங்கம் சுட்டதும் அப்படித்தான். இதை யாராவது ஆரம்பித்தால், "அவங்க சின்னப் பிள்ளைங்க, கண்ணு நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கோப்பி வாங்கப் போய்விடுங்கள். நடிகர் அஜித் குமார் மாநிலப் போட்டிகளில் பதக்கம் வாங்கினாரே, அவர் சின்னப் பிள்ளையா என்று பின்னாலிருந்து குரல் வரும். திரும்பாதீர்கள். அது பிஸ்டல் என்று தோளுக்கு மேலாகச் சொல்லுங்கள்.

15. முடிந்ததும் சட்டைப் பையைத் தடவிப் பாருங்கள்.

இந்த ஒன்றை மட்டும் நிஜமாகவே செய்யுங்கள். பாயின்ட் டூ டூ கூடு சின்னது. சட்டை மடிப்பில், காலணிக்குள், பாய் சுருட்டில் உட்கார்ந்துகொண்டு வீடுவரை வரும். படையில் சுட்டு முடித்ததும் ஒவ்வொருவராக நின்று, என்னிடம் தோட்டாவும் இல்லை கூடும் இல்லை சார் என்று கத்தினோமே, எண்ணிக்கையில் ஒரு கூடு குறைந்தால் மொத்தக் கம்பெனியும் புல்லில் முழந்தாளிட்டு இருட்டும்வரை தேடினோமே, அந்தப் பழக்கம் இன்னும் உடம்பில் இருக்கிறது. எனக்கு இன்றைக்கும் துவைக்கப் போடும் துணியைக் கொட்டி உதறாமல் தூக்கம் வராது.

16. கடைசியாக, எல்லாவற்றையும் விற்றுவிட்டு வேறு வாங்குங்கள்.

புதிய லூபோல்ட் ஸ்கோப்போ நைட்ஃபோர்ஸ் ஸ்கோப்போ மனதுக்குள் வந்துவிட்டால் பழையது தானாக மங்கத் தொடங்கும். கிளப்புக்குள்ளேயே முறைப்படி கேட்டு, ஒருவர் தலையில் கட்டுங்கள். "அதிகம் பயன்படுத்தவில்லை" என்று சொல்லுங்கள். குறி பட்ட கணக்கில் பார்த்தால் அது உண்மை. இறுக்கிய தடத்தைப் பற்றிக் கேட்டால் அது கம்பெனி முத்திரை என்று சொல்லுங்கள்.

ஸ்கோப் கைமாறும். வாங்கியவர் நான்கு மாதம் திட்டிவிட்டு இன்னொருவருக்குக் கொடுப்பார். அவர் தெம்பனிஸ்காரர் ஒருவருக்கு. அவர் இன்னொருவருக்கு. போன மாதம் எனக்கு நல்ல பேரம் ஒன்று அமைந்தது. பழையதுதான், ஆனால் விற்றவர் முகத்தில் அப்படி ஒரு வருத்தம், பிள்ளையைக் கட்டிக்கொடுக்கிற மாதிரி. விலையைக்கூட நான் அதிகம் குறைக்கவில்லை. மேசையில் வைத்து, துணியால் துடைத்து, வளையத்தைப் பொருத்தப் போனேன். இடது பக்கம், பின் வளையம் உட்காரும் இடத்தில், ஒரு பிறை. அதன் வாலில் குறுக்கே ஒரு கோடு.

சாவியை எடுத்து, அதே தடத்தில் வளையத்தை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன்.